வாக்குமூலத்தை எழுதுவது யார்?



அய்யாவின் நினைவு நாளில் அவர் பெருமைகளை அடுக்கிப் பேசினால் அவருக்கே பிடிக்காது. அவர் மனு எழுதிக் கொடுத்தவர். பட்டா மனு, சாதிச் சான்றிதழ் மனு, கூலி பாக்கி மனு என்று சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை அவருடைய கையெழுத்து போய்ச் சேராத அலுவலகம் குறைவு. எழுதி முடித்தவுடன் கையெழுத்து வாங்கிவிட மாட்டார். சத்தமாகப் படித்துக் காட்டுவார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். "இது நீ சொன்னதுதானா? நான் சேத்தது ஏதாவது இருக்கா? நீ சொல்லி நான் விட்டது ஏதாவது இருக்கா?"

இந்த மூன்று கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கைப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அது நடந்த இடம் நமக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் போகும் கம்பெனிப் பேருந்துகள் தினமும் அந்த இடத்தின் அருகே போகின்றன. 1991 மே 21 இரவு பத்து மணிக்கு மேல், ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் பொதுக்கூட்டத் திடலில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவருடன் பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இறந்தார்கள். அவருக்காகக் கவிதை வாசிக்க வந்த ஒரு சிறுமியும் அவள் தாயும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் தலை குனிந்தே நாங்கள் பேசுகிறோம். கொலை நடந்தது உண்மை. விடுதலைப் புலிகள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதைச் செய்தார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்த முடிவை மறுத்துப் பேச நாங்கள் வரவில்லை. எந்தச் சாட்சியத்தை வைத்து எந்த மனிதருக்கு எவ்வளவு தண்டனை கொடுக்கப்பட்டது என்று கேட்கவே வந்திருக்கிறோம். ஒரு குற்றம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு கவனமாக அதன் சாட்சியங்களைச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. குற்றம் பெரியதாக இருந்தால் சோதனை தளர்ந்துவிடுகிறது.

வழக்கின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள். பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா ஆகிய மூவர் தலைமறைவாக இருப்பவர்கள் என்று காட்டப்பட்டார்கள். மீதி 26 பேர் மீது பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில், பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உள்ளே போக முடியாத விதத்தில் விசாரணை நடந்தது. அரசுத் தரப்பு 288 சாட்சிகளை விசாரித்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. தடா சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. நேராக உச்ச நீதிமன்றம்தான். அங்கே 1999 மே 11 அன்று வந்த தீர்ப்பில் நால்வருக்குத் தூக்கு நின்றது, மூவருக்கு ஆயுள் தண்டனை ஆனது. 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலருக்குச் சிறு குற்றங்களுக்கான தண்டனை மட்டும் நின்றது. அதையும் அவர்கள் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார்கள்.

அதே சாட்சிகள், அதே காகிதங்கள், அதே பொருட்கள். ஒரு நீதிமன்றம் 26 பேரைத் தூக்கிலிடச் சொன்னது. இன்னொரு நீதிமன்றம் அதில் 19 பேரை வீட்டுக்கு அனுப்பியது. முதல் தீர்ப்போடு எல்லாம் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாட்சியங்களைக் கேள்வி கேட்பதைத் தேசத் துரோகம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இப்போது சாட்சியங்களுக்கு வருவோம். எந்த வழக்கிலும் அவை இரண்டு வகை. ஒன்று பொருள். இன்னொன்று சொல். பொருள் என்றால் துப்பாக்கி, துணி, ரத்தக்கறை, ரசீது, படம். சொல் என்றால் நேரில் பார்த்தவர் சொன்னது, குற்றவாளி ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவது.

இந்த வழக்கில் மிக வலுவான பொருள் ஒரு கேமரா. படம் எடுக்க அழைத்து வரப்பட்ட இளைஞர் அரிபாபு குண்டுவெடிப்பில் இறந்துபோனார். கேமராவுக்குள் இருந்த படச்சுருள் அழியவில்லை. கையில் சந்தன மாலையோடு நிற்கும் பெண், பத்திரிகையாளர் போல் குர்தாவோடு நிற்கும் சிவராசன் எல்லோரும் அந்தப் படங்களில் இருந்தார்கள். புலன்விசாரணைக்கு வழி காட்டியது அந்தப் படச்சுருள்தான். அதை யாரும் அடித்து வாங்கவில்லை. அது எந்த மொழியிலும் பேசவில்லை. வெடிப்பதற்கு முன் யார் எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் காட்டியது. அதற்கு மேல் எதையும் அது சொல்லவும் இல்லை.

இன்னொரு பொருளும் உண்டு. அது 9 வோல்ட் பேட்டரி. வெடிகுண்டை வெடிக்கச் செய்ய அப்படிப்பட்ட பேட்டரி பயன்பட்டது என்பது அரசுத் தரப்பு வாதம். பேட்டரி எந்த வகை என்று தடய அறிவியல் சொல்லலாம். அதை யார் வாங்கினார், யாரிடம் கொடுத்தார், எதற்கு என்று தெரிந்து கொடுத்தாரா என்பதைப் பேட்டரி சொல்லாது. ரேடியோவுக்கும் அதே பேட்டரிதான், பொம்மைக்கும் அதே பேட்டரிதான். அதைக் குற்றத்தின் பொருளாக மாற்றுவதற்கு ஒரு சொல் தேவை. அந்தச் சொல் பேரறிவாளனின் வாக்குமூலத்திலிருந்து எடுக்கப்பட்டது.

1991 ஜூன் 11 அன்று கைது செய்யப்பட்டபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியமான குற்றச்சாட்டு. சுமார் இரண்டு மாதம் போலீஸ் காவலில் இருந்த பிறகு அவர் வாக்குமூலம் பதிவானது. பதிவு செய்தவர் மத்தியப் புலனாய்வுத் துறையின் காவல் கண்காணிப்பாளர் வி. தியாகராஜன்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு என்ன சொன்னது? போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராகச் சாட்சியமாக்கக் கூடாது. இந்த விதி வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. காவல் நிலையத்தில் ஒப்புதல் எப்படிப் பெறப்படும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. சுதந்திர இந்தியாவின் தடா சட்டம் இந்தக் காப்பை எடுத்துவிட்டது. அதன் 15ஆவது பிரிவின்படி காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லும். ராஜீவ் வழக்கில் 17 பேரின் ஒப்புதல்கள் இப்படிப் பதிவாயின. மிரட்டியும் துன்புறுத்தியும் வாங்கியவை என்று அவர்கள் பின்னர் அவற்றை மறுத்தார்கள்.

1999 தீர்ப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தக் கொலை தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதச் செயல் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தடா பிரிவுகளில் கொடுத்த தண்டனைகளை ரத்து செய்தது. ஆனால் தடா சட்டத்தின் கீழ் வாங்கிய ஒப்புதல்களை மட்டும் மற்றக் குற்றங்களுக்குச் சாட்சியமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. நோய் இல்லை என்று சொன்ன மருத்துவர், அந்த நோய்க்குக் கொடுத்த மருந்தைத் தொடரச் சொன்னது போல இருக்கிறது இது. ஒருவரின் ஒப்புதலை இன்னொருவருக்கு எதிராக எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. நீதிபதி கே.டி. தாமஸ் ஒரு பக்கம், நீதிபதிகள் வாத்வா, காத்ரி மறுபக்கம். பெரும்பான்மையின் கருத்தே நின்றது.

இனி அய்யாவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். சொல்லியும் விடுபட்டது ஏதாவது இருக்கிறதா?

இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, 2013இல், அந்த அதிகாரி தியாகராஜனே வெளிப்படையாகச் சொன்னார். பேட்டரி வாங்கிக் கொடுத்தது உண்மை, ஆனால் அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொல்லியிருக்கிறார். பேட்டரி வாங்கியது எழுதப்பட்டது. எதற்கு என்று தெரியாது என்பது எழுதப்படவில்லை. 2017இல் இதை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். 1991 மே 7 அன்று சிவராசன் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய கம்பியில்லாத் தகவலில், தங்கள் நோக்கம் தங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இருக்கிறது. விடுபட்ட வாக்கியத்தை இது தாங்கிப் பிடிக்கிறது.

சதி வழக்கில் ஒருவர் என்ன செய்தார் என்பதை விட, என்ன தெரிந்து செய்தார் என்பதே முக்கியம். தெரியாமல் வாங்கிக் கொடுத்தவர் கடைப்பையன். தெரிந்து வாங்கிக் கொடுத்தவர் சதிகாரர். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதை எழுதாமல் விட்ட காகிதத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் கையெழுத்து இருந்தது. அதை வைத்துத் தூக்கு வரை போனார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுக்களின் மீது முடிவெடுக்க ஆன தாமதத்துக்காகத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய பேரறிவாளனின் மனு 2018 மார்ச்சில் தள்ளுபடியானது. தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த விடுதலைப் பரிந்துரை ஆளுநரிடம் கிடந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது உறுப்பின் கீழ் அவரை விடுவித்தது. மற்ற ஆறு பேரும் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று விடுதலை பெற்றார்கள். அற்புதம் அம்மாள் மகனுக்காக சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தது 31 ஆண்டு.

இதில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். விடுதலை வந்தது தாமதத்தின் பெயரால். விடுபட்ட வாக்கியத்தின் பெயரால் வரவில்லை. தண்டனைத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. வெடிகுண்டைச் செய்தது யார், அது எங்கிருந்து வந்தது என்ற விசாரணை என்ன ஆனது என்று 2017இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. அதற்காக 1998இல் அமைத்த பல்நோக்குக் கண்காணிப்பு முகமை, விடையைக் கொடுக்காமலேயே கலைக்கப்பட்டது. பேட்டரி வாங்கியவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோன விசாரணை, குண்டு செய்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் இது அநீதிதான்.

இது நம் அரங்குக்கு என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சாட்சி சொல்லும் கூண்டில் நாம் நின்றால் ஒரு நியாயம், குற்றவாளிக் கூண்டில் நின்றால் இன்னொரு நியாயம். இது நமக்குப் பழைய அனுபவம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. காரும் நிலமும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு இருந்தது. சேரிக்காரர் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் சந்தேகம் வருகிறது. சேரிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று ஒரு காகிதம் சொன்னால் சந்தேகம் வருவதில்லை. நம் சாட்சியத்தை நம்பாதவர்கள் நம் ஒப்புதலை மட்டும் ஏன் உடனே நம்புகிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இன்று இங்கே வைக்க வந்தோம்.

பொருளைக் கவனமாகக் காப்பாற்றினால் நமக்கு நீதி கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டு ரயில் தண்டவாளத்தில் போடப்பட்டார். அவர் உடலோடு தற்கொலைக் கடிதமும் இருந்தது. அதுவும் ஒரு 'பொருள்'தான். அதை அப்படியே நம்பியிருந்தால் வழக்கே இல்லை. முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். ஆனால் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒரு பொருள் பொய் சொன்னது, இன்னொரு பொருள் உண்மை சொன்னது. எதை யார் எங்கே வைத்தார்கள் என்று கேட்டதால்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது.

நம் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ராத்திரி, காலனியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "அண்ணா, பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டினு போய்ட்டாங்கண்ணா." பையன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. செம்புக் கம்பி காணோம் என்று புகார். நாங்கள் போவதற்குள் காகிதம் தயாராக இருந்தது. "மேற்படி நிறுவனத்தின் மேற்படி செம்புக் கம்பியை நான் களவாடியதைத் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தது. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பையன் அப்படியா பேசுவான்? அவனிடம் கேட்டோம். "வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்கண்ணா, போட்டேன்" என்றான். காயலான் கடையில் எடுத்ததாக ஒரு கம்பிக் கட்டு மேசை மேல் இருந்தது. அதில் கம்பெனியின் அடையாளம் எதுவும் இல்லை. மகசரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். களவு போனதாகச் சொன்ன நேரத்தில் பையன் வேறு ஷிப்டில் உள்ளே இருந்தான் என்பது கேட் பதிவேட்டில் இருந்தது. அதைக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ராத்திரி நாங்கள் செய்தது பெரிய சட்ட வேலை எதுவும் இல்லை. அய்யாவின் கேள்விகளைக் கேட்டோம், அவ்வளவுதான். அவற்றோடு சில விவரங்களையும் நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புலன்விசாரணையில் போலீசாரிடம் சாட்சியாகச் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். அதில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆவது பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு இதைச் சொல்கின்றன. போலீசாரிடம் செய்த குற்ற ஒப்புதல் செல்லாது என்ற காப்பு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் 'காட்டிக் கொடுத்த' கத்தியும் கம்பியும் அத்தனை வழக்குகளில் வருகின்றன.

ஒருவர் ஒப்புதல் கொடுப்பதாக இருந்தால் நீதித்துறை நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஒப்புதல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நடுவர் முதலில் சொல்லியாக வேண்டும். சோதனையையும் பொருள் கைப்பற்றுதலையும் ஒலி ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவு அழிவதற்குள் எழுத்தில் கேட்டு வைப்பது நம் வேலை. இவற்றுக்கெல்லாம் அடியில் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசமைப்புச் சட்டத்தின் 20(3) இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது.

தடா சட்டம் 1995இல் காலாவதியானது. 2002இல் பொடா வந்தபோது போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லும் என்ற பிரிவும் கூடவே வந்தது. 2004இல் அதுவும் போனது. மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இன்றும் இருக்கிறது. பெரிய குற்றம் ஒன்று நடக்கும்போதெல்லாம் அந்தக் கதவு திரும்பத் திறக்கப்படும். ராஜீவ் காந்திக்காகத் திறந்த கதவு வழியாக நாளை செம்புக் கம்பிக்காக நம் பையனை இழுத்துப் போவார்கள். அதனால்தான் பேரறிவாளனின் காகிதம் நம் காகிதமும் ஆகிறது.

அய்யா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது ஒரு பெண் மனுவோடு வந்தார். அய்யாவால் எழுத முடியவில்லை. அருகில் இருந்த மாணவனை எழுதச் சொன்னார். அவன் எழுதி முடித்துப் பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினான். அய்யா கையைத் தூக்கித் தடுத்தார். "முதல்ல படிச்சுக் காட்டுப்பா" என்றார்.

ஜெய்பீம்.